ஆறரை மணிக்குப் பூச்சியம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது, எழுத்துப் பிழைகளும் இருக்கும். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு தமிழில் கையால் எழுதியது கடைச் சாமான் சீட்டு மட்டும்தான். எழுதுவதுதான் என் பிழைப்பு, ஆனால் அது வேறு எழுத்து. அதில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கம்ப்யூட்டர் உடனே நின்று, எந்த வரியில் பிழை என்று சொல்லிவிடும். பிழை இருந்தும் நிற்காமல் ஓடுவதுதான் ஆபத்து. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் ஹட்டனில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் சேர்ந்தேன். ரேடியோ போய் டீவி வந்தது, டீவி போய் போன் வந்தது. கடைக்கு வருகிறவர்களோடு பேச எனக்குக் கூச்சம், அதனால் முதலாளி என்னைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தார். அங்கேதான் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. போன்களுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்கப் போய், மற்றவர்கள் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்த புரோகிராம்களைப் படிக்க ஆரம்பித்தேன். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த எழுத்தில் வரும் சொற்கள் கொஞ்சம்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். தேயிலைச் செடியில் எந்த இடத்தில் கிள்ள வேண்டும் என்று கை தானாகப் பழகுவதுபோல அதுவும் பழகிவிட்டது.

அந்த உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியதைப் பூட்டி வைக்க மாட்டார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், பிழை இருந்தால் சொல்லலாம், திருத்தியும் தரலாம். எந்த வகுப்புவரை படித்தாய் என்று அங்கே என்னிடம் யாரும் கேட்டதில்லை. முகத்தைக் காட்டச் சொன்னதில்லை. என்னைப் போன்றவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

நான் எழுதியது மழையை எண்ணும் புரோகிராம். மழை அளக்கிற ஒரு மலிவான கருவி இருக்கிறது. அதற்குள் சிறிய ஊஞ்சல்போல ஒரு கரண்டி ஆடும். ஒரு பக்கம் தண்ணீர் நிறைந்ததும் கவிழ்ந்து மறுபக்கம் விழும், டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த டிக்குகளை எண்ணி, இன்று இவ்வளவு மழை என்று சொல்வதும், அளவு மீறினால் அபாயச் சத்தம் போடுவதும் என் புரோகிராமின் வேலை. நான் விளையாட்டாக எழுதி வைத்ததைத் தூரத்து நாடுகளில் ஆட்கள் எடுத்துப் பொருத்தினார்கள். சிலர் இன்னும் ஒன்றைச் சேர்த்துத் தரச் சொல்லிக் காசு அனுப்பினார்கள். பிறகு இந்த மாதிரிக் கருவிகள் செய்து விற்கும் ஒரு கம்பெனி, புரோகிராமைப் பார்த்துக்கொள்வதற்கு மாதாமாதம் தருகிறோம் என்றது. கடையை விட்டுவிட்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்கே வந்து, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் ஒரு மூலையில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

லயத்தில் இதை யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. என் சம்சாரம் கொழுந்து எடுக்கிறவள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவளைப் பிடித்துக்கொள்வார்களாம். ஒன் வீட்டுக்காரரு எழுதுறத எல்லாரும் சும்மாவே எடுத்துக்கிட்டுப் போறாங்களாமே, அப்பறம் என்னாத்துக்கு எழுதுறாரு என்று கேட்டார்களாம். கோயில்ல சுண்டல் குடுக்கிறவங்க வீட்டுல எல்லாரும் பட்டினியாவா கெடக்காங்க என்று இவள் திருப்பிக் கொடுத்தாளாம். எனக்காக வாய் பேசுவதற்கு எப்போதும் அவள்தான்.

எங்கள் தோட்டத்தில் கடைசி லயம் என்று ஒன்று உண்டு. மற்ற லயங்களைத் தாண்டி, ஓடையோரமாக நடந்து போனால், செங்குத்தான மலையின் அடியில் தனியாக நிற்கும். பன்னிரண்டு காம்பரா. என் சம்சாரத்தின் அக்கா அங்கேதான் குடும்பத்தோடு இருந்தார். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வீடும் அங்கேதான். மேலே மலையில் பிளவு இருக்கிறது என்று அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, கோயில் சுவரில் ஒரு நோட்டீசை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒரு நாளில் இவ்வளவு மழை பெய்தால் எழுந்து போய்விட வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. வேறு இடம் யாரும் தரவில்லை. ஒவ்வொரு பெரிய மழைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போ என்பார்கள். போய் மூன்று நாள் சிமெந்துத் தரையில் கிடந்துவிட்டுத் திரும்பினால் மலை அப்படியே நிற்கும், கோழிகள்தான் காணாமல் போயிருக்கும். ஒரு தடவை கேஸ் சிலிண்டர் போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லோரும் எழுந்திருக்க மறுத்தார்கள்.

இவ்வளவு ஊருக்கு எழுதிக் கொடுக்கிறீங்களே, நம்ம அக்கா தலைக்கு மேல நிக்கிற மலைக்கு ஒன்னும் கெடையாதா என்று சம்சாரம் கேட்டாள். அதனால் ஒரு கருவியை வாங்கிக் கோயில் கூரையில் ஏற்றினேன். பெட்டியைக் கோயிலுக்குள் சாமான் அறையில் வைத்து, கடைசி லயம்வரை கேட்கும்படி திருவிழா ஸ்பீக்கரோடு இணைத்தேன். கரண்ட் போனாலும் ஓடும்படி பேட்டரி போட்டேன். பெட்டி என் போனுக்கும் கணக்கை அனுப்பும். நோட்டீசில் போட்டிருந்த அளவைத்தான் அபாய அளவாக வைத்தேன்.

பொருத்தி முடித்த அன்று தலைவர் எல்லோரையும் கோயில் முன்னால் கூட்டிவிட்டார். நீங்களே சொல்லுங்க தம்பி என்று என் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினார். எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று ஒரே ஒரு வார்த்தைதான் பேசினேன்.

"இது சத்தம் போட்டா எந்திரிச்சிப் போயிருங்க. போடாட்டி நிம்மதியா தூங்குங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். ஊருக்கு முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த சித்திரை வருஷப் பிறப்பு வாரத்தில் ஒரு கேள்வி வந்தது. திறந்து வைத்த புரோகிராமுக்குப் பக்கத்தில் யாரும் குறையை எழுதிப் போடலாம், அதை எல்லோரும் பார்ப்பார்கள். எழுதியவரின் பெயர் நாலைந்து எழுத்தும் எண்களும்தான். ஆணா பெண்ணா தெரியாது. மொழிபெயர்க்கும் வசதியில் போட்டுப் படித்தேன். உங்கள் கணக்கு ஏன் காலை ஆறரை மணிக்குப் பூச்சியம் ஆகிறது, எங்கள் ஊருக்கு மேலேயும் மலை இருக்கிறது, உங்கள் புரோகிராமைத்தான் வைத்திருக்கிறோம், எங்களுக்குப் பெரிய மழை விடியற்காலையில்தான் வரும் என்று எழுதியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல். காலை ஆறரைக்கு எங்கள் தோட்டத்தில் பெரட்டு. எல்லோரும் கூடி, யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரிப்பார்கள். அந்த நேரத்துக்குத்தான் ஆபிஸ் வாச்சர் மழைக் குவளையில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துப் பலகையில் எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிக் குவளையைத் திரும்ப வைப்பார். ஒரு பெரட்டிலிருந்து அடுத்த பெரட்டுவரை ஒரு நாள். பிறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தான். புரோகிராமில் ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்று எழுத வேண்டிய இடம் வந்தபோது கை தானாக ஆறரை என்று போட்டது. கேட்கிறவர் தோட்டத்தையே பார்க்காதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

எரிச்சல் போனதும் கூச்சம் வந்தது. பதிலை இங்கிலீஷில் எழுத வேண்டும். நான் எழுதும் இங்கிலீஷை உலகமே பார்க்கும். கம்பெனியும் பார்க்கும். இவனுக்கு இரண்டு வரி எழுதத் தெரியவில்லை, இவனுக்கா மாதாமாதம் அனுப்புகிறோம் என்று நினைத்துவிட்டால்? பிறகு எழுதலாம் என்று வைத்தேன். அந்த நேரத்தில் கம்பெனி மழைக் கணக்கைக் கோடாக வரைந்து காட்டும் படம் ஒன்றைக் கேட்டிருந்தது. அதைச் செய்ய ஆரம்பித்தேன். மழை கூடக் கூட நீலக் கோடு மேலே ஏறும், அபாய அளவு சிவப்புக் கோடாக நிற்கும். மிகவும் அழகாக இருக்கிறது என்று கம்பெனியிலிருந்து எழுதினார்கள். கேள்வி அங்கேயே கிடந்தது. தினமும் கண்ணில் படும், தினமும் தாண்டிப் போவேன். கொஞ்ச நாளில் கண்ணில் படுவதும் நின்றுவிட்டது.

கார்த்திகை மாதத்தில் பத்து நாளாக ஊறிக்கொண்டிருந்த மண்ணின் மேல் அந்த மழை வந்தது.

அதற்கு முந்திய வாரம் சம்சாரத்தின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வீட்டுக் கதவு சரியாக மூட மாட்டேன் என்கிறது, மழையில் பலகை ஊதிவிட்டது போல, தம்பி ஒரு தடவை வந்து சீவிக் கொடுங்களேன் என்றார். அடுத்த காம்பராவிலும் அப்படித்தானாம். வருகிறேன் என்றேன். மழையில் பலகை ஊதுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக் கதவு ஏன் சிக்க வேண்டும், அடியில் மண் நகர்கிறதோ என்று எனக்குத் தோன்றவில்லை.

மழை ஒரு நாள் மத்தியானம் தொடங்கியது. காற்று இல்லை, இடி இல்லை. தகரத்தின் மேல் ஒரே சீரான இரைச்சல், அவ்வளவுதான். சாயங்காலம் கரண்ட் போனது. இருட்டின பிறகு டவரும் போய்விட்டது. ஆனால் கோயில் பெட்டியிலிருந்து என் போனுக்குக் கணக்கு வந்துகொண்டிருந்தது, பெட்டி டவர் இல்லாமலே நேராக அனுப்பும், எங்கள் லயம் கோயிலுக்குப் பக்கம்தான். நான் படுத்து எழும்பும்போதெல்லாம் நீலக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது.

விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. ஆறு மணிக்குப் பார்த்தேன். நீலக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது. சம்சாரம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சத்தம் வரும், உன் அக்கா வீட்டு ஆட்கள் எல்லாம் கிளம்பிவிடுவார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும். நான் எழுதிய ஒன்று ஒரு லயத்தையே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, போனைக் கையில் வைத்தபடி காத்திருந்தேன்.

ஆறு இருபத்தைந்து. அரை விரல். இரைச்சல் இன்னும் பலத்தது.

ஆறரைக்குக் கோடு கீழே விழுந்தது.

போன்தான் நின்றுவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். தட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. படத்தின் அடியில், புதிய நாளாக, சுத்தமாக, பூச்சியத்திலிருந்து நீலக் கோடு ஆரம்பித்திருந்தது. அபாயம் இல்லை என்று பச்சை எழுத்தில் காட்டியது. அந்தப் பச்சை எழுத்தை வைத்தவனும் நான்தான். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பெய்ததை ஆபிஸ் வாச்சர் குவளையைக் கவிழ்ப்பதுபோல என் புரோகிராம் கொட்டிவிட்டது. வாச்சர் கொட்டியது வெறும் குவளைத் தண்ணீர். மலைக்குள் இறங்கிய தண்ணீரை யார் கொட்டினார்கள்? அப்போதுதான் அந்தக் கேள்வி, நான் எட்டு மாதமாகத் தாண்டிப்போன கேள்வி, ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது.

பெட்டியை என் கையால் சத்தம் போட வைக்கலாம், ஆனால் அது கோயிலுக்குள் பூட்டிய அறையில் இருந்தது. சாவி பூசாரியிடம். பூசாரி வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கடைசி லயத்துக்குப் போகும் பாதை மட்டும் இன்னும் திறந்திருந்தது. நான் மழைக்குப் போர்த்தும் படங்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். சம்சாரமும் என்னோடு வருவதற்குக் கிளம்பினாள். நீ மேல் லயத்து ஆண்களை எழுப்பிப் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல் என்று அவளை மறுபக்கம் அனுப்பினேன்.

ஓடையோரமாகத்தான் பாதை. பாதி வழியில் ஏதோ குறைவதுபோல இருந்தது. நின்று கேட்டேன். மழை இரைகிறது, தூரத்தில் ஆறு இரைகிறது, ஆனால் காலடியில் ஓடை இரையவில்லை. எட்டிப் பார்த்தேன். கல்லெல்லாம் வெளியே தெரிந்தது. இவ்வளவு மழையில் ஓடைத் தண்ணீர் வற்றிக் கிடந்தது. மேலே எங்கேயோ மலை அதைப் பிடித்து வைத்திருந்தது. அந்த மௌனத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அங்கேயிருந்து ஓடினேன்.

கடைசி லயத்தில் எல்லோர் வீட்டிலும் அடுப்புப் புகை. மழையென்றால் வேலை இல்லை, ஆகவே ஆண்கள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் குந்தி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் பீடியோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து வாருங்கள், பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னது என் காதுக்கே கேட்கவில்லை. தலைவர் சிரித்தார்.

"என்னா தம்பி, மிசினுக்கு முந்தி நீங்களே கெளம்பி வந்துட்டீங்க?"

"போகணுங்க தலைவரே. இப்பவே."

"சத்தம் வரலியே."

சத்தம் வராது என்றேன். பேட்டரி தீர்ந்துபோச்சா என்று ஒருவர் கேட்டார். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். ஓடுது, சத்தம் போடல, அப்ப மழை அளவுக்குள்ள தானே இருக்கு என்றார் அவர். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததே அதுதான். போன தடவை பள்ளிக்கூடத்தில் கிடந்து இடுப்புப் பிடித்த கதையை ஒருவர் எடுத்தார். இந்தத் தடவை கோழியெல்லாம் இவர் பொறுப்பு என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

"நீங்க தானே தம்பி கோயில் முன்னால சொன்னீங்க. போடாட்டி நிம்மதியா தூங்குங்கன்னு."

எனக்கு அந்த நேரத்தில் திரும்பி ஓடிவிடத் தோன்றியது. மலைக்குப் பயந்து அல்ல. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்குப் பயந்து. வாழ்நாள் முழுக்கத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அங்கே தடுப்பு எதுவும் இல்லை.

"நான் எழுதினது தப்புங்க," என்றேன். "மிசின் நல்லா இருக்கு. நான்தான் தப்பா எழுதிட்டேன். நம்ம பெரட்டு மாதிரியே எழுதிட்டேன். ஆறரை ஆனா முந்தின நாள் மழைய மறந்துட்டுப் புதுசா எண்ணுது. நேத்து மத்தியானத்தில இருந்து பேஞ்சது அதுக்கு இப்ப கணக்கில கெடையாது."

சம்சாரத்தின் அக்கா வாசலில் ஒரு கையில் கோப்பையோடு, மற்றக் கையால் அந்த மூடாத கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மழைக்கு ஏது தம்பி பெரட்டு?" என்று கேட்டார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் எங்கேயோ ஒருவர் என்னிடம் கேட்டதும் அதுதான். ஓடை நின்றுபோனதைச் சொன்னேன். அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் பிள்ளைகளை எழுப்பினார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தோட்டத்து ஆட்களுக்குப் பெரட்டு மாதிரி என்ற ஒரு சொல் போதும், வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பன்னிரண்டு காம்பராவும் காலியாகி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஏறத் தொடங்கினார்கள். தலைவர் மட்டும் திரும்பினார். அவருடைய பசு சினையாக இருந்தது, பட்டி லயத்தின் கோடியில் இருந்தது.

"மாட்ட அவுத்துட்டு வந்துர்றேன் தம்பி."

"வேணாங்க," என்று அவர் கையைப் பிடித்தேன். என்னைவிட மூத்தவர், தலைவர், நான் ஒரு நாளும் அவர் கையைத் தொட்டதில்லை. விடவில்லை. பசு கத்தியது. நாங்கள் ஏறினோம். அது கத்துவது பாதை திரும்பும்வரை கேட்டது.

மலை உடனே வரவில்லை. அந்த நேரம்தான் எல்லாவற்றிலும் மோசம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஈரத்தோடு உட்கார்ந்திருக்க, ஒரு மணி நேரம் போனது, இரண்டு மணி நேரம் போனது. மாட்டை அவிழ்க்க ஐந்து நிமிஷம் போதும் என்று தலைவர் யாரிடமோ சொல்வது கேட்டது. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கேட்கத்தான் சொன்னார். இன்னும் ஒரு தடவை ஏமாந்தோம் என்று ஆண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் சமையல் சாமான் எடுக்கப் போவதாக எழுந்தார்கள். மலை நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அதே மனதில் இன்னொரு மூலையில், நின்றுவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றும் நினைத்தேன். அப்படி நினைத்தவன் நான் என்பதையும் எழுதியாக வேண்டும்.

எழுந்த இருவரும் வாசலைத் தாண்டியபோது சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. லாரியில் கருங்கல் கொட்டுவது மாதிரி, நீளமாக, நிற்காமல். பிறகு பச்சை மண் வாடை வந்தது. பள்ளிக்கூடத்துக்குள் இருந்த அத்தனை பேருக்கும் அந்த வாடை அடித்தது.

லயத்தின் கோடிப் பக்கத்தில் ஏழு காம்பரா போய்விட்டது. அக்கா வீடும், தலைவர் வீடும், பட்டியும் அதில் போயின. ஆட்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீர் வடிந்து பூசாரி வந்து கதவைத் திறந்ததும் நான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். திருத்த வேண்டியிருந்தது ஆறே வரி. ஒரு நாள் என்ற கணக்கையே எடுத்துவிட்டு, எந்த நிமிஷத்தில் பார்த்தாலும் அதற்கு முந்திய இருபத்துநாலு மணி நேரத்து மழையை எண்ணும்படி மாற்றினேன். அடுப்பில் டீத் தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு வெளியாட்கள் வந்தார்கள். எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டவர்களிடம், தம்பி பண்ணின மிசின் காப்பாத்திச்சு என்று லயத்து ஆட்கள் சொன்னார்கள். சத்தமே வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அப்படிச் சொன்னார்கள். என்னைக் கௌரவிப்பதாக நினைத்திருப்பார்கள். கதை கம்பெனிவரை போய், அதை அவர்கள் இணையப் பக்கத்தில் போடலாமா என்று கேட்டு எழுதினார்கள். போட்டால் பெட்டி நிறைய விற்கும், எனக்கும் நல்லது. சம்சாரத்திடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, நடந்தத எழுதுங்க என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதினேன். எல்லோரும் பார்க்கும் இடத்தில், அந்தப் பழைய கேள்விக்கு அடியில் போட்டேன். நீங்கள் கேட்டது சரி, பிழை என்னுடையது, எங்கள் மலை வந்த அன்று என் புரோகிராம் சத்தம் போடவில்லை, திருத்திவிட்டேன், பழையதை வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இன்றே மாற்றுங்கள் என்று. பிழையான இங்கிலீஷ்தான். இந்தத் தடவை அதைப் பற்றி நினைக்கவில்லை. கம்பெனிக்கும் அதையே அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது. விற்ற பெட்டிகளில் அடுத்த மாற்றத்தோடு சேர்த்துச் செய்வார்களாம், எப்போது என்று சொல்லவில்லை. அந்த மாதத்துக் காசு வந்தது. அதைத் தொட மனம் வராமல் நாலு நாள் இருந்துவிட்டு, பிறகு எடுத்துச் செலவழித்தேன். வேறு வழி இல்லை.

திறந்து கொடுப்பதில் நான் யோசிக்காத ஒன்று உண்டு. கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. எத்தனை பிரதி எடுத்தார்கள் என்று ஓர் எண் மட்டும் தெரியும். யார், எந்த ஊர், எந்த மலைக்கு அடியில் என்று தெரியாது. எங்கேயோ கூரைகளில் அந்தக் கரண்டி ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் தோட்டத்துப் பெரட்டைக் கண்ணால் பார்த்திராத ஊர்களில், அவர்களுடைய ஆறரை மணிக்கு, மழை பூச்சியம் ஆகிக்கொண்டே இருக்கும்.

கேள்வி கேட்டவரிடமிருந்து பதில் இல்லை. அவருடைய இணையப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். என்னிடம் கேட்ட பிறகு சில மாதம் வேறு இடங்களில் ஏதேதோ எழுதியிருக்கிறார். ஒரு நாளோடு எல்லாம் நிற்கிறது. எங்கள் மழைக்கு நாலு மாதம் முந்தி. அவர் ஊரில் அது மழைக்காலமா என்று எனக்குத் தெரியாது. போன் மாற்றியிருக்கலாம். வேறு வேலைக்குப் போயிருக்கலாம். அப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மூன்று தடவை எழுதிவிட்டேன்.

இப்போது காலை ஆறரைக்கு நான் வேறு எதுவும் செய்வதில்லை. போனைத் திறந்து அந்தக் கேள்விக்கு அடியில் பார்க்கிறேன். இன்றைக்கும் பார்த்தேன். என் மூன்று பதில்கள்தான் இருந்தன. வெளியே மேல் லயத்தில் மாடுகளுக்கு மஞ்சள் பூசிக் கொம்புக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவர் இப்போது எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் இருக்கிறார். அவர் வெளியே வரவில்லை. சம்சாரம் கொஞ்சம் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை. இந்தத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். மழை லேசாகத் தூறுகிறது.

தை மாதம், மாட்டுப் பொங்கல் அன்று, காலை.